தர்மகர்த்தா திருந்த வேண்டாம் என்ற தெய்வானை அக்கா

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மாமியார், என் ஓரகத்தி செல்லம், பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி. எதையும் ஆள் கணக்கோடு சொல்லியே பழகியவள் நான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, காய்ச்சல் தணிந்திருக்கும், இன்று கதை வாசிக்க வந்துவிடுவார் என்று தெய்வானை அக்காவை எதிர்பார்த்திருந்தோம். அவர் காலமான செய்திதான் வந்தது.

அக்கா செல்லூர்ச் சாயப்பட்டறைக்காரர் ஒருவரின் மனைவி. பள்ளிக்கூடம் போனவரல்லர், என்னைப் போலவே எழுத்துக் கூட்டித் தாமே படித்துக்கொண்டவர். நீலம் ஏறிய விரலால் பக்கத்தைத் திருப்பி அவர் உரக்க வாசிக்க, நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

சென்ற வருஷம் இந்தப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஆரம்பமாயிற்று. கோயில் தர்மகர்த்தா ஒருவர் தம் கதையைத் தாமே சொல்கிறார். சாமி விளக்குக்கு வந்த எண்ணெயில் தம் வீட்டில் வடை சுட்டதை, ஏதோ கும்பாபிஷேகம் நடத்தியதைப் போலப் பெருமையாகச் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, விளக்கு வச்ச வீட்டுல இதைப் படிக்கலாமா?" என்றேன்.

"நாம படிக்காட்டி மட்டும் அவன் திருடாம இருக்கப் போறானா? பேசாம கேளு மரகதம்" என்றார்.

அதுவரை புராணம் மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அச்சில் ‘நான்’ என்று இருந்ததால், எழுதியவரே எண்ணெய் எடுத்தவர் என்று நினைத்துவிட்டோம். செல்லம் சொல்லச் சொல்ல, நானே அவருக்கு ஒரு கார்டு எழுதினேன்: ‘எடுத்த எண்ணெயை மரியாதையாகக் கோயிலில் கொண்டுபோய் ஊற்றவும்.’

இதைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில் பத்திரிகை கைநழுவி விழுந்தது. "அடி கிறுக்கிகளா! களவாணிப்பய தன்னைப் பத்தி இம்புட்டு வெவரமா எழுதி அச்சுல போடுவானா? எழுதுனவரு தங்கமான மனுஷராத்தான் இருப்பாரு. நம்மளத் திட்ட வைக்கத்தான் எழுதுறாரு. நல்லாத் திட்டுங்க!"

அன்றுமுதல் எங்கள் வெள்ளிக்கிழமைகள் களைகட்டின. ரஹ்மத் பீவி, "நாசமாப் போறவன், வடைக்கு உப்பாச்சும் சொந்தமா வாங்குனானா?" என்பார். என் மாமியார் சாபம் முழுவதையும் கொடுத்து முடித்துவிட்டு, "மேல படி தாயி, அடுத்து எதைத் தூக்குறான்?" என்பார்.

பத்திரிகையில் வந்த நேயர் கடிதங்களோ வேறு விதம். கதாநாயகன் இப்படி இருக்கலாமா, குடும்பப் பெண்கள் படிக்கிறார்களே என்று பலரும் எழுதினார்கள். உடனே ஆசிரியராகிய தாங்கள், தர்மகர்த்தா விரைவில் மனம் திருந்துவார் என்று அறிவித்தீர்கள். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. அக்காவிடம் சொல்லப் போனேன். காய்ச்சலோடு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குத் திருந்தணும்? ஊருல ஒருத்தனும் திருந்தல. இவன் திருந்திட்டா, மத்தவனெல்லாம் ‘நாமளும் கடைசியில திருந்திக்கிருவோம்’னு நிம்மதியா வடை சுடுவான். நீதான் கார்டு எழுதுறதுல கெட்டிக்காரியாச்சே! அவன் இருக்குறபடியே இருக்கட்டும்னு எழுது."

"நீங்க எந்திரிச்சு வாங்கக்கா, சேந்தே எழுதுவோம். வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் கடைசிப் பேச்சு.

துக்க வீட்டில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, கோயில் காரியங்களைப் பார்க்கும் பெரிய மனிதர் ஒருவர் விரல் நிறைய மோதிரங்களோடு வந்தார். எல்லோருக்கும் முன்னால் நின்று, அக்காவின் குடும்பத்துக்குத் தாம் செய்த உபகாரங்களை வரிசையாகச் சொல்லலானார். ரஹ்மத் பீவி என் காதோரம், "நம்ம ஆளு வந்துட்டாருக்கா. இன்னும் திருந்தல" என்றார்.

அவ்வளவுதான். அழுகையின் நடுவே சிரிப்பு பீறிட்டுவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நாங்கள் குலுங்கியதைப் பார்த்தவர்கள், "எம்புட்டுப் பாசம் பாரு" என்றார்கள். பாசம்தான், சந்தேகமென்ன? அக்கா சொன்னது சரி என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. அம்மன் பாதத்தில் அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்திருப்பார். அக்கா, நல்லபடியாகப் போய் வாருங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு: தர்மகர்த்தா திருந்தும் அத்தியாயம் அச்சேறிவிட்டதா? ஏறவில்லை என்றால் தயவுசெய்து அவரைத் திருத்தாதீர்கள். நாங்கள் நால்வரும் காத்திருக்கிறோம். சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள்.