சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு அத்தியாயம்

“பிபி இருக்குதுங்களா?” என்று ராஜப்ரியா கேட்பது மருந்து வாங்க வந்தவரிடம் அல்ல, நாவல் கேட்டு வந்தவரிடம். இருக்கிறது என்றால், எடுத்த புத்தகம் மேசைக்கு அடியில் திரும்பிப் போய், வேறொன்று மேலே வரும். “அது வேண்டாங்க, முதல் பக்கத்துலயே பொணம். உங்களுக்கு இந்த மந்திரவாதி கதை. சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு அத்தியாயம். மேல போனா தூக்கம் போயிருமுங்க.”

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும் மருந்துக்கடையில் அவருக்கு வேலை. மேசைக்கு அடியில், இரவல் கொடுக்க அவருடைய சொந்தப் பேய்க்கதைப் புத்தகங்கள். நாற்பதைத் தாண்டியவர். மழைக்காலம் முழுவதும் ஒரே அரக்கு நிற ஸ்வெட்டர். அதன் பையில் மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோல். என்ன கதை என்று கேட்டால் சொல்லமாட்டார். “எங்கூட்ல குக்கர் விசில எண்ண மறந்துட்டேனுங்க” என்பதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு. நான் ஆங்கிலத்தில் படிப்பவள் என்று தெரிந்ததும், “தமிழ்ல ஒருக்கா பயந்து பாருங்க” என்று ஒன்றைக் கையில் வைத்தார். பயந்தேன்.

முடிக்காத புத்தகத்தை அவர் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. இந்த ஜூலையில்தான் தவறினார். புதிதாக வந்த நாவல். மலையில் நின்று யாரைக் கூப்பிட்டாலும் எதிரொலி வேறொரு பெயரைத் திருப்பிச் சொல்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் மறுநாள் இருப்பதில்லை. பாதியிலேயே மனசு கொள்ளாமல் அம்புரோஸிடம் புகழ்ந்துவிட்டார். அம்புரோஸ் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முடிவு தெரிந்தபின் வாயை மூடத் தெரியாதவர். கோவையிலிருக்கும் மகளிடம் சொல்லித் தனக்கும் ஒரு பிரதி வரவழைத்துக்கொண்டார்.

ராஜப்ரியாவின் பிரதியில் கடைசி அத்தியாயம் இல்லை. அந்த இடத்தில் முதல் அத்தியாயமே இன்னொரு முறை தைக்கப்பட்டிருந்தது. எதிரொலிக்கும் குரல் யாருடையது என்று தெரியவேண்டிய பக்கத்தில், கல்யாண வீட்டில் மறுபடியும் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பதிப்பகத்தார் வேறு பிரதி அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். மழையில் பார்சல் எங்கோ நிற்கிறது. அதுவரை எவருக்கும் புத்தகமில்லை. “இது முடியாம வேற எதையும் தொட மனசு வரலீங்க.”

நேற்று மாலை அம்புரோஸ் குடையை உதறிக்கொண்டே படியேறினார். “அம்மணி, முடிச்சுட்டேன்!”

“புக்கு எங்கீங்கண்ணா?” ராஜப்ரியாவின் கை தானாக நீண்டது.

“மக வந்தா, எடுத்துட்டுப் போயிட்டா. புக்கு போனா என்ன? கதை இங்க இருக்குதில்ல?” நெற்றியைத் தட்டிக் காட்டினார். “சொல்லட்டுமா?”

“வேண்டாங்கண்ணா. பார்சல் வந்துரும்.”

“பேரு மட்டும்.”

“சுகர் மாத்திரை தரமாட்டேன், பாத்துக்குங்க.”

“எதுத்த கடையில வாங்கிக்கறேன் போ. என்னால உள்ள வெச்சுட்டு இருக்க முடியல அம்மணி. கேளு, அந்தக் கொரல் இருக்குதே...”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜப்ரியா சிரிக்கவில்லை. பஞ்சுச் சுருளைப் பிரித்தார். இரண்டு துண்டு பிய்த்து, உருட்டி, இரு காதுகளிலும் அடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, எனக்கு முன்னால் நின்றவரிடமிருந்து மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்கத் தொடங்கினார்.