பத்தாவது சொல்

அன்று மேசையில் இருந்தவர்கள் இவர்கள். நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா. அவருடைய தமையன். மருந்துக்கடைக்காரர் ஒருவர். அவருடைய வளர்ந்த மகன்மார் இருவர். நாப்போலிக் கப்பலில் வந்த துணி வியாபாரிகள் இருவர். டொக்டருக்குப் படிக்க வந்த பொடியன்கள் மூவர். இவ்வளவு பேரும் யூதர். பிறகு வுச்சீரியாச் சந்தையில் பித்தளை வேலை செய்யும் கிழவர். என் மனைவி. நான்.

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோராவின் வீடு. அவருடைய கணவர் இறந்த திதி.

"வேலைக்கு இல்லை, சாப்பிட வாரும். மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றிருந்தார்.

வேலைக்காரனை மேசையில் இருத்திச் சாப்பாடு போடுகிற சிஞ்ஞோராவை நான் கண்டதில்லை. எங்களோடு அறையில் இருந்த ஒருவனுக்கு ஒரு கூட்டம் முதலில் அரிசி கொடுத்தது. பிறகு புத்தகம் கொடுத்தது. பிறகு தண்ணீரில் முக்கி எடுத்துத் தங்கள் சமயத்தில் சேர்த்தது.

பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த நாட்டில் இருக்க ஏலாது. அன்று பின்னேரம் தாளை நீட்டினேன். அவர் சன்னலால் வெயிலைப் பார்த்தார்.

"பொழுது படப்போகுது. எங்கடை ஓய்வுநாள் தொடங்குது, இனிப் பேனை தொடமாட்டன். ஞாயிறு பாப்பம்."

சாப்பிட்டு முடிய என்ன கேட்பாரோ என்று நினைத்தேன்.

போதாததற்கு ஒரு புது விளக்கு வேறு. அதைச் செய்விக்க என்னைத்தான் வுச்சீரியாவுக்கு அனுப்பியிருந்தார். கிழவர் பித்தளைத் தகட்டை வெட்டி, மரக்கட்டையில் வைத்துத் தட்டி, ஒவ்வொரு மூக்கையும் பெருவிரலால் வளைத்தார். சங்கிலியில் தொங்கும் விளக்கு. எங்கள் கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரி. வேலை சுத்தம். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"எங்கடை விளக்கை இவ ஏன் செய்விக்கிறா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"தூண்டிலிலை புழு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கிழவரே வந்து விளக்கைத் தொங்கவிட்டார்.

"சரிஞ்செல்லோ நிக்குது" என்றார் தமையன்.

"வீடு சரிவு. என்ரை விளக்கு நேர்."

சிஞ்ஞோரா திரிகளைக் கொளுத்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். பிறகு தமையன் எழும்பினார். ஒவ்வொருவராக நாடியால் காட்டி, விளங்காத பாசையில் ஒவ்வொரு சொல் சொன்னார். தங்கள் ஆட்களை இலக்கம் சொல்லி எண்ணுவதில்லையாம். பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தால்தான் எண்ணுவார்களாம். அது பிறகு தெரிந்தது. அப்போது மந்திரம் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசிப் பொடியனோடு நிறுத்தினார். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலடியில் இருந்தவன் நான்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ, போவம்" என்று மனைவி தொடையில் கிள்ளினாள்.

எழும்பினேன். "நான் சமயம் மாறமாட்டன். எனக்கு முருகன்தான். நீங்கள் கையெழுத்து வைக்காட்டிலும் மாறமாட்டன்."

கிழவர்தான் முதலில் சிரித்தார்.

"எத்தினை வருசமா இந்த வீட்டிலை சாப்பிடுறன். கத்தோலிக்கன் என்னையே ஒருத்தரும் மாறச் சொல்லிக் கேக்கேல்லை. உன்னையோ கேக்கப்போயினம்?"

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. "செத்தவருக்குச் சொல்லுற செபத்துக்கு எங்கடை ஆம்பிளையள் பத்துப்பேர் வேணும். ஒராள் வரேல்லை. அதுதான் வாசலைப் பாக்கிறம்."

எனக்கு முகம் சுட்டது. "அப்ப நான் சும்மா கணக்குக்கு நிண்டால்?"

"ஏலாது. நீர் விருந்தாளி. இரும், சாப்பிடும்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. அந்தச் செபத்தை விட்டுவிட்டார்கள். சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துவிட்டு, முதல் மீன் துண்டை என் மனைவியின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே கையெழுத்து வைத்தார். வெளியே வந்து தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதும் எழுதியிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டவர்கள் பதின்மூன்று பேர். செபத்துக்கு நின்ற ஆண்கள் ஒன்பது.