கிணற்றடி நேர்முகம்

அப்போது நந்திக்கடல் கடலேரியில் இறால் அளப்பதுதான் என் வேலை. பட்டப்படிப்பு முடித்து முல்லைத்தீவில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கிழமைக்கு மூன்று நாள் விடிய வட்டுவாகல் பாலத்தடிக்குப் போய், பட்ட இறாலில் நூறை எடுத்து, ஒவ்வொன்றாக நீளம் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன். அதே பாலத்தடியில்தான் அம்மாவும் நிற்பார். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா கடலேரி இறாலை வாங்கி விற்கிறவர். நான் ஓர் இறாலை அளந்து முடிப்பதற்குள் அம்மா ஒரு கூடையைத் தரம் பிரித்துவிடுவார்.

ஸ்கொட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கடலேரிகளைப் பற்றிய முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பம் கேட்டிருப்பதை முதலில் கண்டது என் சிநேகிதி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, படிப்பு முடிந்தபின் தகப்பனின் ஊரான முல்லைத்தீவுக்கு வந்து போட்டோக் கொப்பிக் கடை போட்டிருந்தாள். கடைக்கு வரச்சொல்லி, கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காசில் எங்கள் ஊரில் ஒரு வீடு கட்டி, மிச்சத்துக்கு ஒரு மீன்பிடிப் போட்டும் வாங்கலாம். அவள் சிரிக்கவில்லை. கீழே சின்ன எழுத்தில் புலமைப்பரிசில் என்று இருந்ததைத் தொட்டுக் காட்டினாள்.

முதலில் ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மூன்று நாள் இருந்து எழுதினேன். கடல் வளத்தின் முக்கியத்துவம், எதிர்காலச் சந்ததி, என் சிறுவயதுக் கனவு என்று எல்லாம் அதில் இருந்தன. சிநேகிதி ஒருமுறை வாசித்தாள்.

“இது பரிசளிப்பு விழாவில பிரதம விருந்தினர் கதைக்கிறது மாதிரிக் கிடக்கு,” என்றாள். “நீ விடிய எழும்பிப் போய் என்ன செய்யிறனீ? அதை எழுது.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அன்று பின்னேரமே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, “நான் இறால் அளக்கிறேன்” என்று தொடங்கினேன். பிறகு கை நிற்கவில்லை. அதை அனுப்பி ஐந்தாம் கிழமை, நேர்முகத்துக்கு வரச்சொல்லி மின்னஞ்சல் வந்தது. வருவதென்றால் இணையத்தில்தான்.

எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது கிணற்றடியில் மட்டும். அங்கே ஒரு கதிரை, ஒரு முக்காலி, அதன்மேல் சிநேகிதியின் மடிக்கணினி. பின்னால் தெரிந்த உடுப்புக் கொடியை அவிழ்த்துவிட்டு, வெள்ளைச் சீலை ஒன்றைக் கட்டினோம். அவர்களுக்குக் காலை, எங்களுக்கு மத்தியானம் திரும்பிய நேரம். திரையில் இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். நரைத்த கூந்தலை உயர்த்திக் கட்டியிருந்த அம்மையார்தான் கூடுதலாகக் கேட்டார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பழக்கமில்லாத ஓசையில் இருந்தது. இரண்டு கேள்விகளைத் திரும்பச் சொல்லும்படி கேட்டேன். முகம் சுழிக்காமல் சொன்னார்.

மழைக்காலத்தில் நந்திக்கடல் நிரம்பும்போது, கடலுக்கும் அதற்கும் நடுவே உள்ள மணல்திட்டை வெட்டித் திறந்துவிடுவார்கள். அது முந்தினால் இறால் ஒரு மாதிரி, பிந்தினால் வேறு மாதிரி. இதை நான் கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்த அம்மையார் அதையே பிடித்துக்கொண்டார். உன்னிடம் இருப்பது இரண்டு வருடக் கணக்குத்தானே, அதற்கு முன்னைய வருடங்களுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

என்னிடம் ஆதாரம் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்த நேரம், படலையைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தார், தலையில் றெஜிபோம் ஐஸ்பெட்டியோடு. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று இன்றும் தெரியாது. என் தாய் இருபது வருடத்துக்கு மேலாக இந்த இறாலை வாங்கி விற்பவர், அவரிடம் கேட்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அம்மையார் கதிரையில் முன்னுக்கு வந்தார். கேட்கச் சொன்னார்.

“அம்மா, முந்தின வருசங்களில திட்டு வெட்டினாப் பிறகு இறால் எந்தப் பருமனில வந்தது? இவைக்குச் சொல்லுங்கோ.”

அம்மா பெட்டியை இறக்கி வைத்து, கையைச் சீலையில் துடைத்தார். “வருசம் எனக்குத் தெரியாது, பிள்ளை. நீ ஓஎல் சோதினை எழுதின முறை பிந்தித்தான் வெட்டினவை. எல்லாம் என்ர சின்ன விரலளவு. ஒருத்தரும் எடுக்கேல்ல, காயப்போட்டனான். மாதா கோயிலுக்கு ஓடு போட்ட முறை நேரத்துக்கே வெட்டினவை. கிலோவுக்கு இருபத்தஞ்சு இறால்தான் நிண்டது, அவ்வளவு பெரிசு.”

நான் மொழிபெயர்த்தேன். ஓஎல் எழுதிய வருடமும் ஓடு போட்ட வருடமும் எனக்குத் தெரியும். அவற்றையும் சேர்த்துச் சொன்னேன். மற்றப் பேராசிரியர் எழுதத் தொடங்கினார். அதன்பின் கேள்வியெல்லாம் அம்மாவுக்குத்தான். புயல் வந்த வருடம், அப்பா எஞ்சின் வாங்கிய வருடம், சித்தியின் கலியாணம் என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பத்து வருடத்து இறால் கிணற்றடிக்கு வந்துவிட்டது. இரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது என் வீட்டுக்குள்ளேயே சோறு சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

நேர்முகம் முடிந்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, அந்த மனிசி இறால் வாங்கப் போகிறாவா என்பதுதான்.

இடம் கிடைத்தது. ஆனால் கட்டணத்தில் பாதியைத்தான் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். மறுபாதிக்கு வழி இல்லை. வராததற்கு மன்னிக்கும்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு சிநேகிதியின் கடைக்குப் போனேன். அவள் அதை அனுப்ப விடவில்லை.

“மிச்சத்தையும் தரேலுமோ எண்டு கேள். மாட்டம் எண்டு சொன்னாலும் இப்ப நிக்கிற இடத்திலதானே நிப்பாய்.”

வெட்கத்தோடு கேட்டு எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. மீதியைப் பல்கலைக்கழகத்தின் அந்தத் துறையே ஏற்கும். மீனவக் குடும்பங்களின் நினைவில் இருக்கும் பழைய விபரங்களைத் தொகுப்பதை நான் ஆய்வாகச் செய்ய வேண்டும். கடையில் கொப்பி எடுக்க வந்திருந்த ஆட்கள் பார்க்கப் பார்க்க நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினோம்.

இனி விசா. அங்கே சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் வேண்டிய பணம் என் பெயரில் இருபத்தெட்டு நாள் குறையாமல் வங்கியில் கிடக்க வேண்டும். என் சம்பளச் சேமிப்பு அதில் கால்வாசியும் வராது. அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு நிலையான வைப்புப் பத்திரத்தை எடுத்துத் தந்தார்.

“உன்ர கலியாணத்துக்கெண்டு போட்டது. இப்ப நீ போறதுதானே முதல் வருகுது.”

அப்பா இரண்டாவது போட்டுக்குச் சேர்த்து வைத்திருந்ததைத் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்றேன். அந்தப் போட்டுக்கு இன்னும் ஓட்டி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். கனடாவிலிருந்து சித்தியும் கொஞ்சம் போட்டார்.

அந்த இருபத்தெட்டு நாளும் அம்மா நிம்மதியாக இருக்கவில்லை. இறால் விற்றுவிட்டுக் கிழமைக்கு இரண்டு தரம் வங்கிக்குப் போய்ப் புத்தகத்தைப் பதியக் கொடுத்தார், காசு அப்படியே கிடக்கிறதா என்று பார்க்க. மூன்றாம் கிழமையில் அம்மா கதவைத் திறந்ததுமே, “ஒருத்தரும் தொடேல்ல அம்மா, போயிட்டு வாங்கோ,” என்று காசாளர் பிள்ளை சொல்லிவிட்டாளாம்.

விசா கிடைத்த செய்தி வந்தபோது நான் பாலத்தடியில், கையில் இறாலோடு நின்றேன். ஈரக் கையால் போனைத் தொட, அது திறக்க மாட்டேன் என்றது. அம்மா தன் சீலைத் தலைப்பால் அதைத் துடைத்துத் தந்தார். வாசித்துச் சொன்னதும் கூடை வைத்திருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். அன்றைய நூறில் முப்பத்தாறோடு என் கணக்கு நின்றுபோனது.

அடுத்த சனிக்கிழமை அம்மா, சிநேகிதி, நான் மூவரும் குளிர்ச்சட்டை வாங்க வவுனியாவுக்குப் போனோம். நல்ல வெயில். மலைநாட்டு நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கென்று ஒரு கடையில் நாலைந்து தொங்கின. அதில் ஆகத் தடிப்பானதை, முழங்கால் வரை வரும் நீலச் சட்டையை, நான் போட்டுப் பார்த்தேன். சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தொப்பியையும் தலையில் கவிழ்த்தாள் சிநேகிதி. வியர்வை முதுகில் ஓடியது. கழற்றச் சொல்லி அம்மா இரண்டு தரம் சொன்னார். நான் கண்ணாடிக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே நின்றேன்.