பயன்பாடற்ற நிலம்

சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட அந்த ஜமக்காளத்தில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். கிராம சபை கூடும் நாட்களில் பெரியம்மா அதைத் தோளில் சுமந்துகொண்டு ஊராட்சி அலுவலக வேப்பமரத்தடிக்குப் போவார். மூன்று பேர் மட்டுமே வந்திருந்தாலும் முழுவதுமாக விரிப்பார். எதற்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால், "மடிச்சுப் போட்டா மடிச்ச அளவுக்குத்தான் ஜனம் வரும்" என்பார். கூட்டம் இல்லாத நாட்களில் அது ஏரிக்கரைப் பொதுக்களத்தில் கிடக்கும். அதன்மேல் மல்லாட்டை காயும். அதனால் அதன் குஞ்சங்களில் எப்போதும் ஒன்றிரண்டு கடலைக்காய்கள் சிக்கியிருக்கும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம். தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டாமல் அதில் கையெழுத்துப் போட மாட்டார், பிறரையும் போட விட மாட்டார். "ஆரம்பிச்சுட்டாங்க கலெக்டரம்மா" என்று பின்னால் ஒரு குரல் எழும். "கலெக்டர்னா காரு எங்கடி?" என்று திரும்பாமலே பதில் சொல்வார். படித்தால் நேரம் ஜாஸ்தி ஆகும் என்று ஊராட்சிச் செயலர் முணுமுணுப்பார். "ஆவட்டும் தம்பி. அதுக்குத்தானே வந்து குந்திக்கினு இருக்கோம்."

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருமுறை, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருவோரின் வண்டிகளை நிறுத்த எங்கள் களத்தை ஒப்படைப்பதாக ஒரு தீர்மானம் வந்தது. செயலர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். 'பயன்பாடற்ற நிலம்' என்ற சொற்கள் வந்ததும் பெரியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். ஜமக்காளத்தின் குஞ்சத்திலிருந்து ஒரு கடலைக்காயைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். "அப்ப இது எங்க காஞ்சுது தம்பி?" கூட்டம் சிரித்தது, செயலரும் சிரித்துவிட்டார். அந்தத் தீர்மானத்தின் மீது ஒரு கோடு விழுந்தது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைப் பின்னர் வகுப்பறைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அதை நிறுத்துப் பார்த்த ஒரே தராசு அந்தக் கடலைக்காய்தான்.

பிறகு ஊரடங்கு வந்தது. மலை சுற்றும் பாதையைத் தடுப்புகளால் அடைத்தார்கள். பௌர்ணமி வந்தது, போனது. பாதையில் நாய்கள் மட்டும் நடந்தன. நான்கு பேர் சேர்ந்து நிற்பதே குற்றமாக இருந்த அந்த மாதங்களில் கிராம சபையும் கூடக் கூடாது என்றார்கள். அந்தப் பயத்தைப் பொய் என்று நான் எழுத மாட்டேன். எங்கள் தெருவிலேயே ஒரே வாரத்தில் இரண்டு சாவு. பெரியம்மாவுக்கும் தொற்று வந்தது. அவர் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். ஜமக்காளம் உள்ளே சுருண்டு கிடந்தது.

அந்த நாட்களில்தான் செயலர் தீர்மானப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்தார். எங்கள் வாசற்படிக்கு அப்பால் நின்று, கையை முழுவதும் நீட்டிப் புத்தகத்தைக் கொடுத்தார். கூட்டம் போட முடியாது, மருந்து தெளிக்கும் தீர்மானம்தான், அவசரம் என்றார். முதல் வரியைப் பார்த்தேன். கிருமிநாசினி என்றுதான் இருந்தது. அவர் தொட்ட பேனா என் விரல்களுக்கிடையே இருந்தது. அதை எவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கில்லை. பதினெட்டு வயது முடிந்த பின் ஊர்ப் புத்தகத்தில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. எதிலும் பிழை தேடும் பழக்கத்தால் கடைத் துண்டுச்சீட்டைக்கூட இருமுறை படிக்கிற நான், அதே பக்கத்தில் கீழே இருந்த மூன்றாவது தீர்மானத்தைப் படிக்கவில்லை.

தகரம் பிரித்த பிறகு, களத்தில் ஜல்லி கொட்டும் லாரியைப் பார்த்துவிட்டு, பெரியம்மா நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தொற்று விட்டுச்சென்ற இருமலுக்கு நடுவே, விரல் வைத்துப் படித்தார். அதே 'பயன்பாடற்ற நிலம்'. விரல் கீழே இறங்கி என் பெயரில் நின்றது. அவர் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். "கையெழுத்து முத்து முத்தா இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார்.

தடைகள் விலகின. பௌர்ணமிக் கூட்டம் முன்னைவிடப் பெருகித் திரும்பியது. மரத்தடிக் கூட்டம் மட்டும் சரியாகத் திரும்பவில்லை. புத்தகம் வாசலுக்கு வருவதே வசதி என்று ஊர் பழகிவிட்டது. களம் சிமெண்டுத் தரையாயிற்று. பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் அங்கே வண்டிகள் நிற்கின்றன. மற்ற நாட்களில் வெயில் மட்டும் காய்கிறது. அந்தச் சொல் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது. காயவைக்க இடமின்றிப் பயிரை நிறுத்திவிட்டு, பெரியம்மா ஓசூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஜமக்காளத்தை என்னிடம் விட்டுச் சென்றார்.

இந்தக் குடியரசு நாள் கிராம சபைக்கு அதைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். தடை விலகிய புதிதில் இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகள் இன்றும் அதே இடைவெளியில் கிடந்தன. பாதிக்கு மேல் காலி. கையெழுத்துக்காகப் புத்தகம் என்னிடம் வந்தபோது, எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொன்னேன். "என்னாம்மா?" என்றார் செயலர். மறுபடி சொன்னேன். அவர் என்னையும் கீழே கிடந்த ஜமக்காளத்தையும் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

சாயங்காலம் பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"எத்தினி பேரு குந்துனாங்க?"

"என்னச் சேத்து மூணு பேரு, பெரிம்மா."

"முழுசா விரிச்சியா?"

காலி இடத்தை ஊர் பார்க்குமே என்று கூசி, அதை இரண்டாக மடித்துத்தான் போட்டிருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாதிதான்."

மறுமுனையில் இருமல் எழுந்து அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அடுத்த வாட்டி மீதியையும் விரிச்சுடும்மா."