பார்த்து மிதித்த கால்கள்

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டியிலும் தோள்பட்டையிலும் எலும்பு முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். வலிக்காது, வேலையைக் கெடுக்காது. எங்கள் வீட்டு எலும்பே அப்படி என்று கேலி பேசியே காலத்தை ஓட்டினோம்.

அறுபதுகளின் கடைசியில் இருவரும் ஒரே தறியில் கோர்வைச் சேலை நெய்தோம். அவன் தறிக்குழியில் காலை விட்டு மிதிக்கட்டையை மிதித்து, சேலையின் உடல் பகுதியை நெய்வான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்குத் தனியாக ஊடைநூல் நாடாவை ஓட்டிக் கொடுப்பேன். ஒரு தை மாதம் அவன் மிதியைத் தவறவிட ஆரம்பித்தான்.

"கால் மரத்துப் போவுதுணா" என்றான்.

"குழியில உக்கார்ற எவனுக்குடா மரக்கல? எந்திரிச்சு உதறிட்டு வா."

எங்கள் தெருவில் அதை யாரும் வியாதியென்று சொல்லமாட்டார்கள். அவனும் உதறினான், எண்ணெய் தேய்த்தான். பிறகு ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து, காலைப் பார்த்துப் பார்த்து மிதிக்கத் தொடங்கினான்.

"புதுசா கத்துக்கிறவனாட்டம் கீழ பார்த்துக்கினு என்னடா நெய்யிற?" என்று எரிந்து விழுந்தேன். வைகாசி முகூர்த்தத்துக்குச் சேலை போக வேண்டும். எனக்கு அதுதான் கவலை.

ஒருநாள் மிதியில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அவன் பெருவிரலைக் கிழித்து ரத்தம் ஓடியது. அவனுக்குத் தெரியவே இல்லை. அதைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "பட்டுல பட்டுடப் போவுதுடா." என்ன மனிதன் நான். துணி சுற்றி மறுபடியும் உட்கார வைத்தேன்.

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்த மறுவாரம் அவனால் குழியிலிருந்து எழ முடியவில்லை. தோளில் தூக்கிப்போய் பஸ் ஏற்றி, பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்தார்.

"முட்டியில இருக்கிற அதே கட்டிதான். முதுகெலும்புல உள்பக்கமா வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துது. கெட்ட கட்டி இல்ல, எடுத்துடலாம். ஆனா மரத்துப்போன உடனே கூட்டி வந்திருந்தா நடந்திருப்பான்."

கட்டியை எடுத்தார்கள். காலுக்குப் பலம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தம்பி, "எங்கண்ணன்தான் தோள்ல தூக்கிக்கினு போயி என் உசிர காப்பாத்துச்சு" என்பான். டாக்டர் சொன்னதை அவனிடம் நான் சொல்லவே இல்லை. தலையைக் குனிந்துகொள்வேன். வந்தவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.