மூன்றாவது இலை

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. சண்டை வடக்கே நடந்தாலும் கொழும்பில் சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கியிருந்த காலம். எனக்கு வீடு கொட்டாஞ்சேனையில். வேலை வெள்ளவத்தையில், காலி வீதியோரம் பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில்.

என் வேலை என்னவென்று இன்றைக்கும் வீட்டில் யாருக்கும் விளங்காது. கம்பனிக்காரர்கள் தங்கள் சின்னத்தைக் கடதாசியில் கொண்டுவருவார்கள். அதை ஸ்கேன் பண்ணிக் கொம்பியூட்டரில் ஏற்றினால் அது வெறும் புள்ளிக் கூட்டம். பெரிதாக்கப் பெரிதாக்கப் படிக்கட்டு மாதிரி உடைந்து போகும். தகடு வெட்டுகிறவருக்குப் புள்ளி உதவாது, கோடு வேண்டும். ஆகவே நான் அந்தப் படத்தின்மேல் கேட் (CAD) என்ற வரைபட மென்பொருளில் கோடு இழுத்து, வளைவு வைத்து, அளவு போட்டு வரைபடமாக்கிக் கொடுப்பேன். மங்கலான இடத்தில் கோடு எங்கே போகவேண்டும் என்பதை நானே தீர்மானிப்பேன். கடவுளுக்கு அடுத்த உத்தியோகம் என்று அப்போது ஒரு நினைப்பு.

அந்த முறை வந்தது ஒரு தேயிலைக் கம்பனியின் சின்னம். வட்டத்துக்குள் ஒரு கொழுந்து. பெக்ஸ் என்ற தொலைநகலில் வந்த படம், ஈ மொய்த்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் மெனக்கெட்டு வரைந்தேன். இரத்மலானையில் ஒரு பட்டறைக்காரர் என் தாளைப் பித்தளைத் தகட்டில் ஒட்டி, கோட்டின்மேலேயே வெட்டுவார். வெட்டினால் வெட்டினதுதான்.

தாளை அவரிடம் கொண்டுபோகவேண்டிய அன்றைக்கு நல்ல மழை. "தாள் நனைஞ்சா இன்னொருக்கா அடிக்க நேரமில்ல. கவனம்," என்றார் முதலாளி. நான்தான் பெரிய மூளைசாலி ஆயிற்றே. கடைக்குப் பின்னால் கிடந்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டொன்றை எடுத்து, தாளைச் சுருட்டி உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் மூடி போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அதைத் தோளில் சாத்திக்கொண்டு, கொழும்பில், யுத்த காலத்தில், ஒரு தமிழன் பஸ் ஏறினான்.

தெஹிவளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நிற்கும்போதுதான் என் கையில் இருப்பது பார்ப்பவர்களுக்கு என்ன மாதிரித் தெரியும் என்று உறைத்தது. எனக்கு முன்னால் குடையோடு நின்ற ஐம்பது வயது மனிதர் திரும்பிப் பார்த்தார். மெல்லச் சொன்னார்: "உமக்குத் தூக்கிக்கொண்டு வர வேற சாமான் கிடைக்கேல்லையோ? போறதெண்டால் தனியப் போம் தம்பி. எங்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகாதையும்."

சிப்பாய் குழாயைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். அதைப் பார்த்து வரிசை பத்தடி போனது. குழாயை நிலத்தில் வைத்து என்னையே திறக்கச் சொன்னார்கள். மூடி வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாக இறுக்கியிருந்தேன். கை வழுக்குகிறது. பல்லால் கடித்து இழுத்தேன். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியில் தொடங்கிய என் நேர்த்திக்கடன், மூடி கழன்றபோது நூற்றொன்றில் நின்றது.

தாள் வெளியே வந்ததும் நிலைமை இன்னும் மோசம். பெரிய வட்டம், நடுவில் குறுக்குக் கோடுகள், வளைவுக்கு வளைவு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி எண். "மே மெப் எகக்த?" இது ஊர் வரைபடமா என்று சிப்பாய் கேட்டார். இது எந்த இடத்தின் மெப் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். சின்ன வயதிலிருந்து தெருவில் கிரிக்கெட் விளையாடிச் சேர்த்த சிங்களம் முழுவதும் அந்த நிமிடம் என்னைக் கைவிட்டது. மிச்சமிருந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு, புள்ளிப் படத்துக்கும் கோட்டுப் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். துவக்கு வைத்திருப்பவர் அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

சார்ஜன்ட் வந்தார். தகரக் கொட்டிலுக்குள் மேசையில் தாளை விரித்தார். "தே கொள, சேர்," தேயிலை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் ஒவ்வொரு கோட்டையும் விரலால் பின்தொடர்ந்து போனார். நெடுநேரம். பிறகு சிங்களத்தில், "இது தேயிலை இல்லையே," என்றார்.

நான் இன்னொருக்கா, "தே கொள, சேர்," என்றேன்.

அவருடைய வீடு தெனியாயப் பக்கமாம். வீட்டுக்குப் பின்னால் தேயிலைதானாம், அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாவாம். கொழுந்து என்றால் இரண்டு இலை, நடுவில் அரும்பு. அரும்பு விரிந்திருக்காது, ஊசி மாதிரிச் சுருண்டு நிற்கும். "நீ மூன்று இலை போட்டிருக்கிறாய். அம்மா பார்த்தால் சிரிப்பா." சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, தாளின் ஓரத்தில் ஓர் அரும்பு வரைந்தார். ஒரே இழுப்பு. இரண்டு நாளில் நான் இழுத்த எந்தக் கோட்டையும் விட நல்ல கோடு.

பெக்ஸில் மை அப்பியிருந்த இடம் அது. நான் இலையாக்கிவிட்டேன். நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடித்து வளர்ந்தவன், ஒரு தேயிலைச் செடியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை.

கடைக்குத் தொலைபேசியில் கதைத்து உறுதிசெய்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். வெளியே வந்தால் பஸ் போய்விட்டிருந்தது. குடைக்காரர் மட்டும் கொட்டில் வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை; கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டில் ஏதோ திகதி சரியில்லையென்று மறித்து வைத்திருந்தார்கள்.

"விட்டிட்டாங்களோ?"

"ஓம்."

"அப்ப இதில நில்லாதையும். போம்."

போனேன். உங்கள் வீட்டுக்கு ஏதும் சொல்லவேண்டுமா என்று கேட்டிருக்கலாம். போம் என்ற சொல் எனக்கு வசதியாக இருந்தது.

கடைக்குத் திரும்பி, கம்பனியிடம் சின்னம் அச்சடித்த ஒரு தேயிலை டின் வாங்கிப் பார்த்து அரும்பைத் திருத்தினேன். பலகை நன்றாக வந்தது. அன்றிலிருந்து மங்கலான இடத்தை நானாக நிரப்புவதில்லை, கேட்டுவிட்டுத்தான் கோடு போடுகிறேன்.

இத்தனை வருடமாக இதை ஒரு பகிடியாகத்தான் சொல்லி வருகிறேன். குழாயைப் பல்லால் கடித்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். குடைக்காரர் வரும் இடத்தை விட்டுவிடுவேன். என் தாளை ஒருவர் அரும்பு வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். அந்த மனிதரின் துண்டையும் யாராவது அப்படிப் பார்த்தார்களா என்பது எனக்கு இன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளாமல் நடந்து போனவன் நான்தான்.