வெறுஞ்சுவரில் என் படம்

பெங்களூர் பிரேசர் டவுனில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டின் கூடத்தை, என் மனைவி படம் வரைகிற மாதிரிதான் அமைத்தாள். ஓவியக் கல்லூரியில் படித்தவள். நுழைகிறவர் கண் முதலில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும், சுற்றிலும் வெறுமை வேண்டும் என்பாள். காலண்டர் முதற்கொண்டு எல்லாம் போயிற்று. எதிர்ச்சுவரில் என் படம் மட்டும், பெரிதாக. என்ன கண்றாவி இது என்று கேட்டேன். அத்தை, அதாவது என் அம்மா, உள்ளே வந்ததும் மகன் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம்.

கிறிஸ்தவப் பெண்ணான இவளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. அன்றைக்குத்தான் வேலூரிலிருந்து முதல்முறையாக வருகிறாள். இதுவும் கெட்டால் அம்மா எனக்கு இல்லை.

பஸ் நிலையத்தில் நான் காத்துக் கிடக்க, அம்மா வழியில் அல்சூரிலேயே இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டாள். நான் திரும்பிப் படியேறும்போது மேலே ஒப்பாரி கேட்டது. வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்து வெலவெலத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

கூடத்துத் தரையில் அம்மா. என் படத்தின் கீழே புதுக் குத்துவிளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறைய மல்லிகை. மாமியார் விளக்கேற்றுகிறவர் என்று என் மனைவி மரியாதைக்கு ஏற்றியிருக்கிறாள். மேலே படத்தின் கறுப்புச் சட்டம், கீழே வெள்ளை இருந்தால் சமன்படும் என்று பூ. எங்கள் பக்கம் செத்தவர் படத்துக்குத்தான் இப்படிச் செய்வோம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவளோ மூலையில் நின்று, அவர் பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்; ஒப்பாரியில் அது யார் காதிலும் விழவில்லை.

"பேசாமலே அனுப்பிட்டேனே எஞ்சாமி, உம் பொண்டாட்டி கையால ஒரு வாய் திங்க வந்தேனே..."

என் சாவுக்கு அம்மா அழுவதை நின்று கேட்கிற கொடுமை யாருக்கும் வரக்கூடாது. எப்படியோ, "அம்மா" என்றேன்.

திரும்பினாள். எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிடித்த பிடியிலேயே, மூலையில் நின்றவளைப் பார்த்து முதல்முதலாகப் பேசினாள்.

"அந்தப் படத்தை எறக்கும்மா. நீ பக்கத்துல இல்லாம அவன் எதுக்குத் தனியா நிக்கிறான்?"

கல்யாணத்துக்கு நாங்கள் படமே எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே அம்மா எங்களை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.